மல்லாந்த சம்பந்தி

“சம்பந்தி இன்னிக்கும் சாப்பிடலையா அக்கா?”

“எங்க? வாய்கிட்ட கொண்டுபோனாலும் மூஞ்சியைத் திருப்பிக்கறா.”

“அப்ப வேற வழியில்ல. இன்னிக்கே மல்லாத்திட வேண்டியதுதான்.”

மீன்காட்சியகத்தின் பின்பக்க அறையில் நடந்த பேச்சு இது. கேட்டவர் மீன்களுக்கு வைத்தியம் பார்க்கும் இளம் டாக்டர். பதில் சொன்னவள் அங்கே தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் தொட்டியம்மா. பட்டினி கிடந்த சம்பந்தி, ஆள் நீளத்துக்கு ஒரு புள்ளிச்சுறா. மூன்று தரம் கெஞ்சினால்தான் சாப்பிட வரும். அதனால் தன் மகளின் மாமியாரை மனதில் வைத்துத் தொட்டியம்மா சூட்டிய பேர் அது.

ஆனால் இந்தப் பட்டினி வீம்பால் வந்ததல்ல. தீனிக்கு வந்த மீனுக்குள் இருந்த தூண்டில் முள் ஒன்று சுறாவின் தாடையில் ஏறிவிட்டது. வாய் வீங்கி, வயிறு ஒட்டிப்போயிருந்தது. இன்றைக்கும் எடுக்காவிட்டால் பிழைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“யாரு சாப்பிடல?”

கதவருகில் தொட்டியம்மாவின் நிஜ சம்பந்தி நின்றிருந்தாள். தையல்காரம்மா. முந்தின நாள்தான் தொட்டியம்மா வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவள், இன்று மீன்களைப் பார்க்கக் கூடவே வந்திருந்தாள்.

“காலையில பசிக்கலன்னுதானே வேண்டாம்னேன்! அதை இங்க வந்து ஆபீஸ் முழுக்கச் சொல்லணுமா?”

“ஐயோ, உங்களை இல்லீங்க. இந்தச் சுறாவைச் சொன்னோம்.”

“சம்பந்தின்னு காதுல விழுந்துச்சே?”

“சம்பந்தமில்லாம சாப்பிடாம கிடக்குன்னு சொன்னோம்மா” என்று டாக்டர் முந்திக்கொண்டார். தொட்டியம்மா அவரை நன்றியோடு பார்த்தாள்.

உதவிக்கு வர வேண்டியவருக்கு அன்று காய்ச்சல். டாக்டர் தையல்காரம்மாவின் கையில் டார்ச்சைக் கொடுத்தார்.

“வாய்க்குள்ள வெளிச்சம் அடிங்க, போதும். கை மட்டும் ஆடக்கூடாது.”

“கடிச்சிடுச்சுன்னா?”

“மல்லாத்தினா அப்படியே அசந்து போயிடும்மா. மயக்க மருந்தே வேண்டாம். அதோட உடம்பு வாகு அப்படி.”

“எனக்கு மல்லாந்து படுத்தா குறட்டைதான் வருது” என்றாள் தையல்காரம்மா.

தொட்டிக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் தொட்டியம்மா சுறாவை அணைத்துப் பிடித்து, மெல்லப் புரட்டினாள். வால் ரெண்டு அடி அடித்தது. அப்புறம் நனைந்த துணிபோலத் துவண்டுவிட்டது. வெள்ளை வயிறு மேலே, வாய் பாதி திறந்தபடி. செவுள் மட்டும் அசைந்தது. டாக்டர் குறடை உள்ளே விட்டார்.

“டார்ச் ஆடாம பிடிங்க... பிரமாதம்! அப்படியே, அப்படியே... வந்துடுச்சு!”

முள் வெளியே வந்தது. தொட்டியம்மா சுறாவை நிமிர்த்தினாள். நிமிர்ந்த சுறா அசையவில்லை. கையை விட்டதும் கல்லாகக் கீழே போயிற்று.

“தள்ளிக்கிட்டே நடங்க அக்கா! செவுள்ல தண்ணி போகட்டும்!”

அவள் தள்ளிக்கொண்டே நடந்தாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. குரல் உடைந்துவிட்டது.

“எழுந்திருடி! நீ வீம்பு பிடிக்கலன்னா எனக்கு இங்க பொழுதே போகாதுடி. எழுந்திருடி சம்பந்தி!”

பளார் என்று வால் அடித்த அடியில் மூவரும் தொப்பலாக நனைந்தார்கள். சுறா ஒரு வட்டம் போட்டது. தொட்டியம்மா ஒரு மீனைப் போட்டாள். கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. லபக்.

“தின்னுட்டா! தின்னுட்டா தம்பி!” தண்ணீருக்குள்ளேயே அவள் குதித்தாள்.

தொட்டியின் விளிம்பில் தையல்காரம்மா மட்டும் டார்ச்சை நீட்டியபடி நின்றிருந்தாள். கண் இமைக்கவில்லை. டார்ச் ஏன் ஆடவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. சுறா மல்லாந்த நிமிஷமே பயத்தில் அவளும் உறைந்துபோயிருந்தாள்.

“அக்கா, இவங்களையும் திருப்பிப் போடணுமோ?” என்றார் டாக்டர்.

அதைக் கேட்டதும் தையல்காரம்மாவுக்கு உயிர் வந்துவிட்டது.

“எழுந்திருடி சம்பந்தின்னு யாரைச் சொன்னீங்க?”

தொட்டியம்மா தண்ணீருக்குள் இன்னும் கொஞ்சம் அமிழ்ந்தாள். “அது வந்து... இதுவும் மூணு தடவை கூப்பிட்டாத்தான் சாப்பிட வரும். அதான்...”

தையல்காரம்மா முகத்தைத் துடைத்தாள். சுறாவைப் பார்த்தாள். தொட்டியம்மாவைப் பார்த்தாள்.

“எங்க கடையில ஒரு மிஷின் இருக்கு. தொட்டா போதும், தடதடன்னு தானா ஓடும். நிறுத்தறதுதான் முடியாது. அதுக்கு என்ன பேருன்னு உங்க மாப்பிள்ளையைக் கேட்டுப் பாருங்க.”

“என்ன பேரு?”

“சம்பந்தி.”

முதலில் டாக்டர்தான் சிரித்தார். பிறகு யார் சிரிப்பு எது என்று தெரியவில்லை. தொட்டியம்மா ஈரத்தோடு ஏணியில் ஏறி வந்தாள்.

“சரி, சாப்பிட வாங்க சம்பந்தி.”

சொல்லி முடிப்பதற்குள் தையல்காரம்மா வாசலுக்குப் போயிருந்தாள்.

“சீக்கிரம் வாங்க. பசி உயிர் போகுது.”