பாய்ப்படகுக்கு முதல் வழி

ஹமீதா பானு அந்தப் படகில் கால் வைத்ததே அதற்கு விடைகொடுக்கத்தான். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு தூத்துக்குடியிலிருந்து ஒருவர் பார்க்க வருகிறார். பிடித்திருந்தால் கையோடு கொண்டுபோய்விடுவார். விற்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை ஏறிவிடு என்று புருஷன் பாக்கர் கெஞ்சினார். போகட்டும் என்று இடியாப்பத்தையும் அதற்குத் தொட்டுக்கொள்ளக் கறியாணத்தையும் டப்பாவில் அடைத்துக்கொண்டு வந்தாள்.

பாக்கர் சார்ஜாவில் ஒரு படகுக் கிளப்பில் பத்தொன்பது வருஷம் ஊரான் பாய்ப்படகுகளைக் கழுவித் துடைத்தவர். திரும்பி வந்ததும் தனக்கென்று பழையது ஒன்றை வாங்கினார். எஞ்சின் கிடையாது, வலை போடவும் லாயக்கில்லை. சும்மா உட்கார்ந்து காற்றில் போய்வர ஒரு படகா என்று அக்காள்மடம் ஊரே சிரித்தது. "இன்னைக்கு எத்தனை கிலோ பட்டுச்சு பாக்கரே?" என்று கரையில் தினமும் ஒருவன் கேட்பான். மூன்று வருஷமாக அதைக் காதில் வாங்கி வாங்கி வெறுத்துப்போய்த்தான் விற்கச் சொன்னாள். போதாக்குறைக்கு அவர் ஒப்பிக்கும் சட்டம் வேறு: எஞ்சின் படகு பாய்ப்படகுக்கு வழிவிட வேண்டும், பக்கத்தில் வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். கடல் என்ன மதுரை ரோடா என்று அவள் வாயை அடைத்துவிடுவாள்.

ஆனால் அன்று காற்று இதமாக இருந்தது. சத்தமே இல்லாமல் தண்ணீரில் வழுக்கிப் போவது நன்றாகத்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

அப்போதுதான் பக்கத்து ரிசார்ட்டின் வேகப்படகு நேராக அவர்களைப் பார்த்து வந்தது. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையில் எட்டுப் பேர். வேகத்தைக் குறைக்கச் சொல்லி பாக்கர் கையைத் தூக்கினார். அவர்கள் எல்லோரும் டாட்டா காட்டினார்கள். போய்த் தொலைந்தார்களா என்றால் அதுவும் இல்லை. வெள்ளைப் பாய் போட்டோவுக்கு எடுப்பாக இருந்ததோ என்னவோ, சுற்றிச் சுற்றி மூன்று வட்டம் அடித்தார்கள். படகு குப்புறக் கவிழப் பார்த்தது. பர்தா தொப்பலாக நனைந்தது. ஆணத்தில் உப்புத்தண்ணீர். இத்தனைக்கும் நடுவில் ஒரு போன் அவள் முகத்துக்கு நேராகவே நீண்டிருந்தது. மகள் லாமியாவின் நிக்காஹ் வீடியோவிலேயே தன் முகம் வரக் கூடாதென்று கேமராக்காரரிடம் கறாராகச் சொன்னவள் அவள்.

"விடும்மா, நமக்கெதுக்கு வம்பு" என்றார் பாக்கர். ஹமீதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கரைக்குத் திரும்பப் பாறைகளுக்கு இடையே ஒரே வழிதான், ஒரு படகு போகும் அகலம். அதன் வாயில் நுழையும்போது காற்று சுத்தமாக நின்று பாய் துவண்டது. பின்னால் அதே வேகப்படகு வந்து ஹார்ன் அடித்தது. ஓட்டுபவன் பிரபு, திருவாடானைப் பக்கத்துக்காரன், இவர்கள் தெருவில்தான் வாடகைக்கு இருக்கிறான். பாக்கர் பதறிப்போய், ஒதுங்குவதற்காகத் துடுப்பைத் தேடினார். ஹமீதா அதை எடுத்துத் தனக்கடியில் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"பாய்ப்படகுக்குத்தான் முதல் வழின்னு நீங்கதான சொன்னீங்க?"

"காத்து இல்லையேம்மா."

"வாரப்ப வரட்டும்."

அடுத்த டிரிப்புக்கு ஆள் நிற்கிறது, கொஞ்சம் ஒதுங்குங்கள் அக்கா என்றான் பிரபு. ஹமீதா குரலை உயர்த்தவில்லை.

"மூணு சுத்து சுத்துறப்ப உனக்கு அவசரமில்லையேப்பா. என் சாப்பாட்டுல உப்புத்தண்ணி. என் மூஞ்சி இவுக போன்ல. எங்களப் பாத்தா மனுசரா தெரியல, வேடிக்கையாத் தெரிஞ்சுச்சோ? எடுத்ததெல்லாம் அழிக்கச் சொல்லு. பெறகு வழியப் பத்திப் பேசுவோம்."

கறுப்புக் கண்ணாடி போட்டவர் ஒருவர், இது பொது இடம், யாரும் எடுக்கலாம் என்று நியாயம் பேசினார்.

"உங்க வீட்டு வாசலும் ரோட்டப் பாத்துதான இருக்கும்? நாளைக்கு நான் வந்து நின்னு உங்க வீட்டம்மாவப் படம் எடுக்கட்டா?"

பிரபு எஞ்சினை அணைத்தான். வெயில் ஏறியது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். ஒரு குழந்தை தண்ணீர் கேட்டு அழுதது. அது என்ன பாவம் செய்தது என்று ஹமீதா தன் பாட்டிலை நீட்டினாள். பாட்டிலை வாங்கிய பெண், குழந்தையின் தாய், தலையைக் குனிந்துகொண்டு போனை அவளிடம் காட்டி ஒவ்வொன்றாக அழித்தாள். பிறகு மற்றவர்களும் அழித்தார்கள். கண்ணாடிக்காரர் கடைசியாக. மன்னித்துவிடுங்கள் அக்கா என்றான் பிரபு.

இப்போதாவது துடுப்பைக் கொடு என்றார் பாக்கர். அவள் தரவில்லை. காற்று தன் இஷ்டத்துக்கு வந்தது, பாய் நிமிர்ந்தது. ரிசார்ட் படகு எஞ்சினை முனகவிட்டபடி, ஒரு அலைகூட எழுப்பாமல் பின்னாலேயே வந்தது. கரையில் நின்றவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அன்று எத்தனை கிலோ என்று ஒருவனும் கேட்கவில்லை.

பாக்கர் பாயை இறக்கி, தடவித் தடவி மடித்தார். அசருக்கு அந்த ஆள் வந்துவிடுவார் என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"வரட்டும். டீயக் குடுத்து அனுப்பிருவோம்" என்றாள் ஹமீதா, பர்தாவின் ஓரத்தைப் பிழிந்துகொண்டே. "நாளைக்கு அந்தப் பிரபு மொத டிரிப்பு எத்தனை மணிக்கு எடுக்குறான்னு மட்டும் கேட்டு வைங்க."