பெரட்டில் விடுபட்ட பெயர்

எல்லாரும் சௌக்கியமா? முட்டிவலி, இருமல் எல்லாம் எப்படி இருக்கிறது? வசதியாக உட்கார்ந்து படியுங்கள், சின்னக் கதைதான்.

எண்பத்தாறாம் வருடம், மலேசியாவில் ஈஜோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே பாலெடுக்க மரம் வெட்டும் தாயம்மா எழுதிய கதை ஞாயிறு பத்திரிகையில் வந்துவிட்டது. விடுவார்களா? கோயில் மண்டபத்தில் பாராட்டுக் கூட்டம். வேலைக்கு மேற்பார்வை பார்க்கும் மண்டோர் ரெங்கசாமி தலைமை. கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தோட்டத்துப் பையன் சிவானந்தம் பேச வந்தான்.

"பின்நவீனத்துவம்னு ஒண்ணு வந்திருக்கு. எழுதினவங்க என்ன நெனச்சாங்கங்கறது முக்கியமில்ல. கதையில என்ன இல்லன்னு பாருங்க. போன வாரம் வீடியோவுல படம் பாத்தோமே, பண்ணையார் வீட்டுக் கல்யாணம், ஆயிரம் பேருக்குச் சாப்பாடு. சமைச்சவன் ஒருத்தனையாச்சும் காட்டினானா?"

"அடுப்புப் பக்கம் போனா கேமரா கரிஞ்சிரும் லா!" பின்னாலிருந்து இருசப்பன் கத்தினான். ஒரே சிரிப்பு.

"தாயம்மாக்கா கதையும் அப்படித்தான். நெறமாசக்காரி விடியக்காலம் பேரு கூப்பிடற பெரட்டுக்கு வர்றா, வேலைக்குப் போறா, மரத்தடியில புள்ள பெக்குறா. பெரட்டுல நிக்கிற அத்தன பேருக்கும் பேரு இருக்கு. நாய்க்குக்கூட இருக்கு. பேரு கூப்பிடறவருக்கு மட்டும் பேருமில்ல, மொகமுமில்ல. ஏன்?"

மாலையோடு உட்கார்ந்திருந்த ரெங்கசாமி மெல்லத் திரும்பித் தாயம்மாவைப் பார்த்தார்.

மறுநாள் விடியலில் பெரட்டு. பெயர் கூப்பிட்டு ஆளுக்கொரு நிரை மரம் பிரித்துக் கொடுப்பவர் ரெங்கசாமிதான். செல்லன், காளியம்மா, இருசப்பன் என்று எல்லாரையும் கூப்பிட்டார். தாயம்மா பெயர் வரவில்லை. பெயர் வராவிட்டால் வேலை இல்லை. குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவள் நிரையும் வேறு யாருக்கோ போய்விடும்.

"மண்டோரய்யா, எம் பேரு?"

"உன் கதையில எம் பேரு எங்க? என்னமோ மறைச்சிருக்கே. அத எழுதிட்டு வா, பாப்போம்."

மறைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே திரும்பிவிட்டாள். லயத்துக்கு நடக்கும்போது அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. நாய்க்குப் பெயர் வைத்தவளுக்கு இவர் பெயரா மறந்துபோகும்? நிரை போய்விடுமே என்ற பயம்தானே கையைப் பிடித்தது? அந்த நிறைமாதக்காரி வேறு யாருமில்லை, அவளேதான்; அன்றைக்குப் பெயர் கூப்பிட்டவரும் இவரேதான்.

அவரை நம்ப முடியாது, கிழித்தாலும் கிழித்துப் போடுவார். இரண்டு படி எழுதினாள். ஒன்றைச் சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்தாள். ரெங்கசாமி வாசலில் நின்றபடியே படித்தார்.

'வலிக்குதுங்கய்யா என்றாள். மரத்துக்கு வலிக்காமப் பாத்து வெட்டு, போ என்றார் மண்டோர் ரெங்கசாமி.'

அவர் முகம் கறுத்தது. தாளை நான்காக மடித்தார்.

"பழைய கதையே நல்லாத்தான் இருந்துச்சு. வேற யாருட்டயாச்சும் காட்டினியா?"

"இல்லங்கய்யா."

மறுநாள் பெரட்டில் முதல் பெயரே தாயம்மா. அதே நிரை.

"என்னடி மந்திரம் போட்ட?" என்று காளியம்மா இடித்தாள்.

தாயம்மா வாளியை எடுத்துக்கொண்டு நிரைக்கு நடந்தாள். இத்தனை வருடத்தில் தன்னை முதலாவதாகக் கூப்பிடாத மனுஷன் இன்றைக்கு ஏன் கூப்பிட்டார்? அவருக்குப் பயம் பிடித்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுடைய பயம் பாதி இறங்கியது. வேலை முடிந்ததும் தலையணைக்கடியில் இருந்த இரண்டாவது படியை எடுத்துக்கொண்டு போய்ப் பத்திரிகைக்குத் தபாலில் போட்டாள்.

நீங்கள் வேண்டுமென்றே எழுதாமல் விட்ட பெயர் எது? எனக்கு எழுதுங்கள். பயமாக இருந்தால் உங்கள் பெயரை விட்டுவிடுங்கள், அவருடையதை மட்டும் எழுதுங்கள்.