ரோசம்மாளின் வயித்தெரிச்சல்

ராஜபாளையத்துச் சர்ச்சில் பெரிய வெள்ளிக்குத் தனிப்பாட்டு என்றால் ரோசம்மாள்தான், வேறு பேச்சே கிடையாது. இந்த வருஷம் பார்த்து அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மாசக்கணக்கில் விடவில்லை. வாயைத் திறந்தால் கரகரப்பு, மூச்சை இழுத்தால் இருமல். பாட்டு ஆஷிகாவுக்குப் போய்விட்டது. காலேஜ் படிக்கிற பிள்ளை.

ஒத்திகையில் ஆஷிகா ராகத்தை எடுத்ததும் ரோசம்மாளுக்கு இருமல் பிடித்துக்கொள்ளும். வேண்டுமென்றா இருமுவாள்? ஆனால் பக்கத்தில் நிற்கும் ஜெயபாய் வாய் சும்மா இருக்குமா! "வயித்தெரிச்சல் இருமலா வருது" என்று அவள் சொன்னது சர்ச் முழுக்கச் சுற்றி, ரோசம்மாள் காதுக்கே வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

மில் ஷிப்ட் முடிந்து வந்தால் ரோசம்மாள் வயிறு முட்டச் சாப்பிடுவாள். தொண்டைக்கென்று காரசாரமாக மிளகுக் கஷாயமும் குடித்துவிட்டு உடனே படுத்துவிடுவாள். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் புருஷன் சத்தியநேசன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா மூக்கு வழியாகச் சின்னக் குழாய் விட்டுப் பார்த்தார். கட்டி எதுவும் இல்லை, குரல்வளைப் பக்கம் சிவந்திருக்கிறது என்றார். பிறகு கேட்டார்: "வயித்தெரிச்சல் உண்டாம்மா?"

ரோசம்மாளுக்குச் சுருக்கென்றது. இங்கேயுமா?

"கர்த்தருக்குத் தெரியும் டாக்டர், எனக்கு யாரு மேலயும் கெடையாது. சின்னப் பிள்ள, நல்லாப் பாடிட்டுப் போகட்டும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சத்தியநேசனைப் பார்த்தார்.

"ஏட்டி, அவிய நெசமாவே வயிறு எரியுதான்னு கேக்காக" என்றார் சத்தியநேசன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"அதுவும் இல்ல டாக்டர். புளிச்ச ஏப்பம் மட்டும் வரும். மிளகுக் கஷாயம் குடிச்சும் கேக்கல."

"வயிறு, நெஞ்சு எதுவும் எரியாமலே அமிலம் மேல ஏறித் தொண்டையைப் புண்ணாக்கலாம்மா. உங்களுக்கு அதுவாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். மாத்திரை சாப்பிட்டுப் பார்ப்போம். சாப்பிட்டதும் படுக்காதீங்க, கட்டில் தலைமாட்டை உயர்த்துங்க. அந்தக் கஷாயத்தை விடுங்க. குரல் தெளியச் சில மாசம் ஆகும்."

பெரிய வெள்ளிக்குச் சில வாரம்தான் இருந்தது. திரும்பும்போது பஸ்ஸிலேயே அழுதுவிட்டாள்.

சொன்னபடியெல்லாம் செய்தாள். இருமல் அடங்கியது, குரல் வரவில்லை. அன்றைக்கு ஆஷிகாதான் பாடினாள். பிசிறில்லாமல் பாடினாள், சபையில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரோசம்மாள் ஒரு தடவைகூட இருமவில்லை.

வெளியே வந்ததும் ஜெயபாய் தானாகவே வந்து கையைப் பிடித்தாள். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது ரோசம்மா. நெசமாவே சீக்குதான் போல."

"சீக்குதான். இருமல் நின்னுட்டு" என்றாள் ரோசம்மாள், அதே கரகரத்த குரலில். "வயித்தெரிச்சல் இன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்கு."