பாசி உரித்த நிலம்

"மாடு என்ன மரத்தையா தின்னும்? புல்லு வேணும், கிழவா," என்று முதலில் பேச்செடுத்தவள் துயாராதான். அந்த வருஷம் ஏரியோரப் புல்வெளி தண்ணீரில் மூழ்கிவிட்டது. வடகோடிப் பனிப்பிரதேசமான யாகூத்தியாவில் குளிர்காலமோ எட்டு மாதம். வீட்டுக்குப் பின்னால் லார்ச் என்னும் ஊசியிலை மரங்கள் அடர்ந்து நின்றன. அவற்றை வெட்டிவிட்டுப் புல் வளர்க்கலாம் என்றாள்.

அவள் புருஷன் மிகீதர் தயங்கினான். "அடியில இருக்கறது பூரா ஐஸு. மரமும் பாசியும்தான் அது மேல வெயில் படாம காக்குது. உரிச்சா நிலம் நிக்காது, கிழவி."

"கோடாலி தூக்க உனக்குச் சோம்பல். பழிய ஐஸு மேல போடற!"

அவளிடம் பேசி ஜெயித்த பழக்கம் அவனுக்கு இல்லை. மரங்கள் விழுந்தன. மெத்தை மாதிரிக் கிடந்த பாசியை இருவருமாகச் சுரண்டி எறிந்தார்கள்.

இரண்டு கோடை நல்ல புல். துயாரா ஊரெல்லாம் பெருமை பேசினாள். அடுத்த கோடையில் தரை மேடும் பள்ளமுமாகிப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கியது. மாட்டுக்கொட்டில் ஒரு மூலையில் சாய்ந்தது. ஒருநாள் காலையில் சினைமாடு நின்ற இடம் அப்படியே உள்வாங்கியது. அக்கம்பக்கத்தார் கயிறு கட்டி இழுத்தும் பயனில்லை. குளிர்ந்த சேற்றுக்குள்ளேயே, வயிற்றுக் கன்றோடு, அது செத்தது.

மிகீதர் அதன் முகத்துச் சேற்றைத் துடைத்தான். வீட்டுக்கு வந்து டீ குடித்தான்.

"திட்டிடு கிழவா. ஒரு வார்த்தையாவது திட்டு."

"திட்டினா நிலம் மேல வந்துடுமா?"

மறுநாள் முதல் துயாரா காட்டுக்குள் போய்ப் பாசியைச் சாக்குச் சாக்காகச் சுமந்து வந்து வெறும் மண்ணில் பரப்பினாள். பாசி தண்ணீரில் மிதந்தது. பார்த்துக்கொண்டிருந்த மிகீதர் அவள் தோளிலிருந்த சாக்கை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். பிரயோசனமில்லை என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் கோடை முடியும்வரை சுமந்தார்கள்.

தரையில் விழுந்த விரிசல் வீட்டுவாசல்வரை வந்தபோது, மரவீட்டின் சுவர்க்கட்டைகளைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். மிச்ச மாடுகளை ஏற்கெனவே அவள் அண்ணன் ஊருக்கு ஓட்டிவிட்டிருந்தார்கள். புல் வளர்த்த இடத்தில் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. அதில் இரண்டு வாத்துகள்.

"கொஞ்ச வருஷம் போனா இதுல மீன் பிடிக்கலாம், கிழவி," என்றான் மிகீதர்.

மாடு செத்ததற்குப் பிறகு அவன் விளையாட்டாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. லாரியில் ஏறி, அவனுக்கும் இடம்விட்டு, ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.