ஆமை சாப்பிட்டால் படகு நகரும்

கால்நடை டாக்டர் ஓர் ஆமைக்குட்டியைக் கடற்கரையிலிருந்து வீட்டுக்குத் தூக்கிப்போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, அவள் புருஷன் ஓட்டிவந்த சரக்குப் படகு கடலில் நின்றுவிட்டது. இன்ஜின் ஓடியது, புகை வந்தது, படகு மட்டும் ஓர் அடிகூட முன்னால் வரவில்லை. மீட்கப் போன விசைப்படகு மதியம் முழுக்க அதை நோக்கி ஓடியும் இடைவெளி குறையவில்லை. பாதி டீசல் தீர்ந்ததும் திரும்பிவிட்டது. போன் செய்தால் அலைச் சத்தம் கேட்டது. அவனிடம் சிமென்ட் மூட்டைகளும், ஒரு டின் பிஸ்கட்டும், பத்து பாட்டில் குடிதண்ணீரும் இருந்தன. தினமும் காலையில் படகின் முனையில் நின்று, மிச்சமிருக்கும் பாட்டில்களை விரல்விட்டுக் காட்டுவான். கரையில் நின்று டாக்டர் பைனாகுலரில் எண்ணுவாள்.

குட்டி சாப்பாட்டுத் தட்டளவுதான் இருந்தது. பிளாஸ்டிக்கை விழுங்கி, வயிற்றில் காற்று அடைத்து, முங்க முடியாமல் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு மிதந்தது. குளியலறைத் தொட்டியில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு அதில் வைத்து, குழாய் வழியாக மருந்து கொடுத்தாள். எட்டு விரல் தெரிந்த அன்று மாமியார் குளியலறை வாசலில் வந்து நின்றாள். மருமகளின் வேலையில் ஒருநாளும் தலையிடாத மனுஷி.

"கடல் தன்னோடதைக் கேக்குதும்மா. திருப்பிக் குடுத்துடு. எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்தான்."

இப்போது விட்டால் குட்டி பிழைக்காது என்று டாக்டருக்குத் தெரியும். தெரிந்தும், பயத்தில் கொண்டுபோய்க் கடலில் விட்டாள். கடல் குட்டியை வாங்கிக்கொள்ளவில்லை. ஒரே அலையில் அவள் காலடிக்கே கொண்டுவந்து போட்டது. நிமிர்ந்து பார்த்தால், படகு பாதியாகச் சிறுத்து அடிவானத்துப் பக்கம் போயிருந்தது.

கடலுக்கு வேண்டியது உடம்பு குணமான குட்டி என்பது மாமியாருக்குத்தான் முதலில் புரிந்தது. மீன் வாடையே ஆகாத அவள், கணவாய் மீனை நகத்தளவு நறுக்கி இடுக்கியில் பிடித்து நீட்டினாள். ஒரு துண்டு உள்ளே போனால் படகு நூறு அடி நெருங்கியது. கக்கினால் இருநூறு அடி பின்வாங்கியது. ஆறு விரல், ஐந்து விரல். குட்டி கண்ணை மூடினாலே இருவரும் அதன் ஓட்டைத் தட்டி எழுப்பினார்கள். ஒரு விரல் தெரிந்த காலையில் அது முழ நீளத்துக்கு நீல பிளாஸ்டிக் நாடா ஒன்றை வெளியே தள்ளியது. மறுநாள் அவன் வெறும் முஷ்டியைக் காட்டினான்.

குட்டி முங்கப் பார்த்தது, பாதியில் மேலே வந்தது. இன்னும் ஆகவில்லை. டாக்டர் அதைக் கடலில் விடவில்லை, மாமியாரும் விடச் சொல்லிக் கேட்கவில்லை. கணவாய் நறுக்கிக்கொண்டே அழுதாள். அதற்கடுத்த காலை படகின் முனையில் யாரும் எழுந்து நிற்கவில்லை. அன்று மதியம் குட்டி தொட்டியின் அடியில் போய் அமைதியாக உட்கார்ந்தது.

கடலில் விட்டதும் முங்கியது, திரும்பி வரவில்லை. படகு சாதாரணமாக வந்து துறையில் முட்டி நின்றது. உதடு வெடித்துக் கிடந்தவன் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, "எட்டு பாட்டில் இருந்த அன்னைக்கு ஏன் என்னை அவ்வளவு தூரம் தள்ளிவிட்டே?" என்று கேட்டான்.

"பயந்துட்டேன்," என்றாள் டாக்டர்.

இது நடந்து பதினொரு வருஷம் ஆகிறது. கரையில் எது ஒதுங்கினாலும், யார் படகு நின்றிருக்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் டாக்டரைக் கூப்பிடுகிறார்கள். அந்தப் படகுக்காரர் வீட்டுப் பெண்கள் கணவாய் நறுக்க வந்துவிடுகிறார்கள். படகுக்காரர்கள் இப்போது இருபது பாட்டில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். காட்டுவதற்கு விரல் போதாதே என்பவர்களிடம், கால் எதற்கு இருக்கிறது என்கிறான் டாக்டரின் புருஷன்.