மூன்றாவது திருத்தம்

சூப்பர்வைசர் திருமலை எழுதிய விபத்து அறிக்கை மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தபோது அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓசூர் கம்பெனியின் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் தொழிலாளி சென்னப்பனுக்கு இரண்டு விரல் போய் நாலு நாளாகிறது. மேனேஜரின் சிவப்புப் பேனாவோ இங்கிலீஷைத்தான் நோண்டிக்கொண்டிருந்தது.

“ஒரு வரி பாஸ்ட் டென்ஸ், ஒரு வரி பிரசென்ட். எல்லாத்தையும் ஒரே டென்ஸ்ல எழுதுய்யா.”

எல்லாவற்றையும் இறந்தகாலமாக்கிக் கொடுத்தான். மேனேஜர், “இப்பதான் ஒழுங்கா இருக்கு” என்று கையெழுத்துப் போட்டார்.

“அந்த மெஷினுக்குத் தடுப்புக் கம்பி எப்ப சார் போடுவீங்க?”

“அடுத்த மாசம் பாக்கலாம்.”

திருமலை நேராகப் போய், ஓடிக்கொண்டிருந்த பிரஸ்ஸை நிறுத்திச் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டான். பின்னாலேயே ஓடிவந்த மேனேஜரிடம் சொன்னான்: “கம்பி போட்டுட்டு வந்து வாங்கிக்குங்க. மெஷின் ஏன் நிக்குதுன்னு அறிக்கையை நீங்களே எழுதுங்க சார், ஒரே டென்ஸ்ல.”