இடம் காட்டப்படும்

கண்காட்சியின் நான்காவது அறையில் ஒரு வரிசை நின்றது. டிக்கெட்டுக்கும் இல்லை, கழிப்பறைக்கும் இல்லை. 'காத்திருக்கவும், இடம் காட்டப்படும்' என்று எழுதிய ஒரு பழைய பலகைக்கு முன்னால் நின்றது. பலகைக்கு அப்பால் ஆறு மேசைகள் காலியாகக் கிடந்தன. யார் வேண்டுமானாலும் உட்காரட்டும் என்றுதான் போட்டிருந்தார்கள். ஆனால் வந்தவர்கள் கிழக்கு பெர்லின்காரர்கள், எழுபதைத் தாண்டியவர்கள். அந்தக் காலத்தில் எந்த உணவகத்திலும் தானாகப் போய் உட்கார முடியாது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

காவலுக்கு நின்ற நெவின், சிறப்பு விருந்தினராக வந்திருந்த ரோஸ்விதாவிடம் வந்தாள்.

"மேடம், உள்ள போய் உட்காருங்கன்னா 'இன்னும் யாரும் கூப்பிடலையே'ங்கிறாங்க. என்ன பண்றது?"

"கூப்பிடணும்," என்றாள் ரோஸ்விதா.

அவளுக்குத் தெரியாதா? கிழக்கு ஜெர்மனி அரசு கட்டிய குடியரசு மாளிகையின் உணவகத்தில் பதினான்கு வருடம் அவள்தான் இடம் காட்டினாள். மந்திரியானாலும் கொத்தனாரானாலும் அவள் கை நீட்டும்வரை நிற்க வேண்டும். அந்தக் கட்டடத்தில் ஒரு பக்கம் நாடாளுமன்றம், மறுபக்கம் ஆட்டமும் பாட்டும் சாப்பாடும். ஆயிரக்கணக்கில் விளக்குகள். ஊர் அதை 'விளக்குக்கடை' என்று கேலி செய்துகொண்டே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தது. பிறகு நாடே போயிற்று. கட்டடத்தில் உடம்புக்குக் கேடான கல்நார் இருக்கிறது என்று பூட்டினார்கள், இடிக்கலாமா கூடாதா என்று பதினைந்து வருடம் அடித்துக்கொண்டார்கள், கடைசியில் இடித்தார்கள். அதே இடத்தில் அதற்கும் முன்பு இருந்த ராஜாவின் அரண்மனையைப் புதிதாகக் கட்டி, இப்போது அதற்குள்ளேயே இடித்ததற்குக் கண்காட்சி. கொன்றவனே கருமாதி வைத்த கதைதான்.

கண்காட்சிக்காக அவள் குரலைப் பதிவு செய்திருந்தார்கள். சுவரில் தொங்கும் ஹெட்ஃபோனை மாட்டினால் கேட்கலாம். 'அங்கே எல்லோருக்கும் இடம் இருந்தது. நான் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.' எப்படித்தான் நாக்கு புரண்டதோ. முதல் தடவை கேட்டபோதே பாதியில் ஹெட்ஃபோனைக் கழற்றி மாட்டிவிட்டாள். திருப்பி அனுப்பியது வேறு யாரையும் இல்லை, சொந்தத் தம்பி எக்பெர்ட்டை.

எண்பத்தாறாம் வருடம், அம்மாவின் அறுபதாவது பிறந்தநாள். எக்பெர்ட் மேற்கு ஜெர்மனிக்குப் போய்விட மனுக் கொடுத்திருந்தான்; அப்படிக் கேட்டவன் அரசுக்கு ஆகாதவன். அவனுக்கு மேசை கிடையாது என்று மேலாளர் காலையிலேயே சொல்லிவிட்டார். தூணுக்கு அந்தப் பக்கம் அம்மா கேக்கோடு உட்கார்ந்திருக்க, அவள் பலகைக்கு முன்னால் அவனை மறித்து "இடமில்லை" என்றாள். கொஞ்ச நாளில் அவன் அம்மாவைப் பார்க்காமலே மேற்கிலிருக்கும் ஹனோவருக்குப் போய்விட்டான். இரண்டு வருடத்தில் அம்மா இறந்தாள். சாவுக்கு வர அவனுக்கு அனுமதி கிடைக்கவில்லை. எல்லைச் சுவர் விழுந்த பிறகும் அக்காவும் தம்பியும் கிறிஸ்துமஸ் அட்டையோடு சரி. இந்தக் கண்காட்சிக்கு அவள்தான் அழைப்பு அனுப்பினாள். அவன் வந்தால் அந்தப் பதிவைக் கேட்பான் என்று தெரிந்தே அனுப்பினாள்.

ரோஸ்விதா பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"ரெண்டு பேரா? ஜன்னலோரம் வாங்க."

"பாத்தியா, அப்ப ஒருநாளும் ஜன்னலோரம் கிடைக்கல," என்று ஒரு கிழவர் மனைவியிடம் சொன்னார். "நாட்டை மூடினப்புறம் கிடைக்குது."

வரிசையின் கடைசியில் எக்பெர்ட் நின்றிருந்தான். முப்பத்தெட்டு வருடம் ஹனோவரில் இருந்தவன், அவனும் பலகையைத் தாண்டவில்லை.

"கேட்டேன்," என்றான். "யாரையும் திருப்பி அனுப்பலையாமே."

"பொய் சொன்னேன்."

"அன்னைக்கு எத்தனை மேசை காலி?"

"ஒன்பது."

அவன் தலையாட்டினான். "அது போகட்டும் ரோஸி. உன் வேலை போயிருக்கும், எனக்குப் புரியாதா? அம்மா ஏன் எழுந்து வரல? அதுதான் எனக்கு ஆறல. வெளியில அரைமணி நேரம் நின்னேன். மகன் வாசல்ல நிக்கிறான், கேக்கை வச்சிட்டு ஒரு தடவை வந்து பாக்கக்கூடாதா?"

இத்தனை வருடமும் அவன் தன்னைத்தான் வெறுக்கிறான் என்று நினைத்திருந்தாள். அது அவளுக்குப் பழகியும் போயிருந்தது. அவன் வெறுத்ததோ அம்மாவை.

"அம்மாவுக்கு நீ வந்ததே தெரியாது. நீ வரலைன்னு சொல்லிட்டேன்."

"சாகுற வரைக்குமா?"

"சாகுற வரைக்கும்."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அந்தப் பதிவை எடுத்துடச் சொல்லு," என்றான். "வேற சொல்லு."

பார்வையாளர்கள் தங்கள் நினைவுகளைப் பதிவு செய்ய ஓரத்தில் ஒரு சின்ன அறை இருந்தது. நெவின் கதவைத் திறந்துவிட்டாள். ரோஸ்விதா உட்கார்ந்தாள். எக்பெர்ட் போய்விடுவான் என்றுதான் நினைத்தாள். அவன் கோட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து சுவரில் சாய்ந்து நின்றான்.

"முதல்ல பேரு, பிறந்த வருஷம், என்ன வேலை பாத்தீங்கன்னு சொல்லணும் மேடம்," என்றாள் நெவின்.

அதெல்லாம் ரோஸ்விதாவுக்கு மறந்துபோயிற்று.

"அம்மா," என்றாள். "எக்பெர்ட் வந்திருந்தான்."